முளையில் நான் போட்ட முடிச்சு

பழவேற்காட்டுக் கடற்கரையில், பெரிய வலை கடலில் கிடக்கும்போது, அதன் கயிற்றைக் கரையில் புதைத்திருந்த முளைக்கட்டையிலிருந்து அவிழ்த்தவன் நான். அதைத் திரும்பக் கட்டியவனும் நான்தான். நான் போட்ட முடிச்சு நிற்கவில்லை. மீன் போயிற்று. பழி, என்னை அங்கே அழைத்துப் போன மனிதர்மேல் விழுந்தது. கயிற்றுப் பக்கம் யாராவது வந்தார்களா என்று என்னைக் கேட்டார்கள். யாரும் வரவில்லை என்றேன்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போகிற அந்த நாள் என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான நாட்களில் ஒன்று. சந்தோஷத்தை முதலில் சொல்ல ஆரம்பித்தால் தப்பைச் சொல்ல மனம் வராமல் போய்விடும்.

எண்பதுகளின் பிற்பகுதி. அனுப்பம்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு நெல் வயல் இருந்தது. நான் தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன். அங்கே நூலகத்துக்கு யாரோ ஒரு கட்டு வெளிநாட்டுப் பத்திரிகைகளை நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் ஒரு வண்ணப்படம். மத்தியதரைக் கடலில் ஏதோ ஒரு தீவு. காய்ந்த பாறை மேடு, கீழே நீலக்கடல். மேட்டின்மேல் மோட்டார் சைக்கிள் கைப்பிடியும் தடித்த நாலு சக்கரங்களுமாக வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாருக்கும் முன்னால் ஒருவன் ஒரு கையை உயர்த்திக்கொண்டு போகிறான். பின்னால் வருகிறவர்கள் ஊர் சுற்ற வந்தவர்கள். அந்தப் பக்கத்தை நான் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அதுவும் தப்புதான். ஆனால் அதற்காக இதை எழுதவில்லை.

படத்தைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய் என் சிநேகிதரிடம் காட்டினேன். அவரை ஊரில் பாய் என்போம். பழைய வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. படகு இஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார்.

"இதுல இன்னா பெரிய வித்த கீது?" என்றார் பாய். "நாலு சக்கரம், ஒரு இஞ்சினு, குந்தறதுக்கு ஒரு பலகை. பிரேக்கு இருந்தா நல்லது. இல்லாங்காட்டியும் மணல்ல அதுவா நின்னுரும்."

அப்போது பட்டறையில் இன்னொருவரும் இருந்தார். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில், கடலை ஒட்டிய குப்பத்துக்காரர். கொஞ்சகாலம் மகாபலிபுரத்தில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் கொஞ்சம் ஆங்கிலமுமாகத் திரும்பி வந்திருந்தார். சென்னையிலிருந்து பறவை பார்க்க வருகிறவர்களைப் படகில் அழைத்துப் போய்க் காட்டுவார். ஊரில் இருக்கும் பழைய டச்சுக்காரர்கள் கல்லறையைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்வார். ஒரே கதையை இரண்டு தடவை சொல்லி யாரும் கேட்டதில்லை. தன்னைத் தானே கைடு என்று சொல்லிக்கொண்டதால் ஊரும் அப்படியே கூப்பிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

கைடு படத்தைக் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார். "முன்னாடி கையத் தூக்கிகினு போறானே, அவன் யாரு வாத்யாரே?"

"வழிகாட்டி. கைடு."

"அப்ப அது நானு," என்றார். "நீங்க வண்டிய செஞ்சி வைங்க."

ஒரு கோடை விடுமுறை முழுக்கவும், அதற்குப்பின் பல ஞாயிற்றுக்கிழமைகளும் அதற்குப் போயின. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஸ்கூட்டர் இஞ்சின்கள் வாங்கினோம். குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தோம். தள்ளுவண்டிக்குப் போடும் தடித்த டயர்களைப் பாய் எங்கிருந்தோ பிடித்து வந்தார். இரண்டு வண்டிகள். முதலில் செய்தது ஏரிக்கரைச் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டது. அதன் அச்சைத் திரும்பச் செய்தோம். கணக்குப் போட்டது நான், இரும்பைப் பற்ற வைத்தது பாய், "ஓடாது" என்று தினமும் வந்து சொல்லிவிட்டுப் போனது கைடு. ஆனால் முதல் வண்டி ஓடிய சாயங்காலம் அதைப் பிடுங்கிக்கொண்டு பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தவரும் அவர்தான். இறங்கவே இல்லை. பெட்ரோல் தீர்ந்துதான் நின்றார்.

"லைசென்சு கீதா உனுக்கு?" என்றார் பாய்.

"மணல்ல யாரு புடிப்பான்? நண்டா?"

தை மாதத்தில் ஒரு நாள் புறப்பட்டோம். இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் வண்டிகளை ஏற்றினோம். ஏரியைக் கோல் ஊன்றியே கடந்தோம். தூரத்தில் பூநாரைகள் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அக்கரையில், கலங்கரை விளக்கம் இருக்கும் குப்பத்தில் வண்டிகளை இறக்கியபோது ஊரே வந்து நின்றது. இதற்கு முன்பு அந்த மணலில் மாட்டு வண்டி போயிருக்கிறது. இஞ்சின் வண்டி ஏதும் போனதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"இன்னா கைடு, கட்டிலுக்கு சக்கரம் வச்சிகினு வந்துக்கிற?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"ஏறி குந்து, உன் மாமியா வூட்ல எறக்கி வுடறேன்."

கைடின் ஏற்பாடு எளிமையானது. முன் வண்டியை அவர் ஓட்டுவார். பாய் அவருக்குப் பின்னால் உட்காருவார். இரண்டாவது வண்டியில் நான் தனியாக. "என் சக்கரம் போன தடத்துலயே உன் சக்கரம் வரணும் வாத்யாரே. எங்க மணல் உள்வாங்கும்னு எனுக்குத் தெரியும். கைய தூக்குனா நிக்கணும்." ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் தெற்கே முகத்துவாரம்வரை நீண்டு கிடக்கும் மணல் தீவு. முகத்துவாரம் வரை போய்த் திரும்புவதென்று முடிவு. அது சரியாக நடந்தால், பிறகு ஞாயிறுதோறும் சென்னை ஆட்களை அழைத்து வரலாம். அந்தப் படத்தில் இருப்பதைப்போல.

அலை நனைத்துவிட்டுப் போன மணலில் சக்கரம் ஏறியதும் வண்டி பாட ஆரம்பித்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சேற்றிலும் மேட்டிலும் முக்கி முனகிய அதே இஞ்சின். காற்று முகத்தில் அறைந்தது. நண்டுகள் சிவப்பாகச் சிதறி வளைக்குள் ஓடின. முன்னால் கைடு ஒரு கையை உயர்த்தி, படத்தில் இருந்தவனைப் போலவே, யாருக்கோ காட்டிக்கொண்டு போனார். காட்டுவதற்கு அங்கே காற்றைத் தவிர யாருமில்லை. சவுக்குத் தோப்பில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

சிரிப்புக்குள்ளேயே ஒரு முள்ளும் இருந்தது. வண்டியைக் கணக்குப் போட்டுச் செய்தவன் நான். ஆனால் காலையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் பாயின் முதுகையும், கைடின் சக்கரத் தடத்தையும்தான். புது மணலில் என் சக்கரம் ஒருமுறையாவது முதலில் பதியவேண்டும் என்று இருந்தது. சின்ன ஆசை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கைடின் சொந்தக் குப்பத்துக் கரைக்கு வந்தபோது அங்கே பெரிய வலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய வலை என்பது கரையில் நின்றே இழுக்கிற வலை. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஒரு முளையில் கட்டிவிடுவார்கள். படகு கயிற்றையும் வலையையும் கொட்டிக்கொண்டே கடலுக்குள் அரைவட்டம் போட்டு, மறுமுனையைத் தூரத்தில் கரை சேர்க்கும். பிறகு ஆட்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து இரண்டு முனையையும் இழுப்பார்கள். படகு கரை சேரும்வரை முதல் முனைக்கு அந்த முளைதான் கதி. அதைக் கட்டுவது ஒருவருடைய வேலை. அந்த ஊரில் அது கைடின் வேலை. அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் வேலை. கட்டியவன் கைதான் அவிழ்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். வேறு யாரும் தொடமாட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

அன்றைக்கு வரமாட்டேன் என்று கைடு சொல்லி வைத்திருந்தார். ஆனாலும் அவரைக் கண்டதும் வலைக்குச் சொந்தக்காரரான பெரியவர் சத்தம் போட்டார்.

"கண்ணாடி போட்டா கடலு மறந்துருமா? வந்து கட்டிட்டுப் போடா."

கைடு இறங்கிப் போய், தேங்காய் நார்க் கயிற்றை நனைத்து, மண்ணில் புதைத்திருந்த பனங்கட்டையில் கட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படகு புறப்பட்டது. எங்களுக்கு முன்னால் அந்தக் கயிறு கட்டையிலிருந்து அலைவரை மணலில் தளர்ந்து கிடந்தது.

"வலை கரைக்கு வர்ற வரிக்கும் நம்ப வண்டி கயித்த தாண்டக் கூடாது," என்றார் கைடு. "வாங்க, அந்தாண்ட போயி படகுக்கு ஒரு கை குடுக்கலாம். கை வச்சவனுக்கெல்லாம் மீனு உண்டு. சுட்டுத் தின்னுட்டு போலாம்."

பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரோடு போனார். கூட்டம் முழுவதும் தெற்கே படகு கரையேறும் இடத்துக்கு நடந்தது. இஞ்சின் சூடாயிருக்கிறது, நான் வண்டிக்குக் காவலிருக்கிறேன் என்று சொல்லி நின்றுகொண்டேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், நடந்து போனவர்களின் காலடியை அலை அழித்துவிட்ட ஈரமணல் துடைத்துவிட்ட பலகைபோல் இருந்தது. ஒரு தடமும் இல்லை. தளர்ந்து கிடக்கிற கயிறுதானே, தாண்டிப் போய் ஒரு வட்டமடித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். எல்லார் கண்ணும் படகின்மேல் இருந்தது. அலைச் சத்தத்தில் இஞ்சின் சத்தம் அவ்வளவு தூரம் போகாது. முன் சக்கரம் தாண்டியது. பின் அச்சு கயிற்றை வாரி எடுத்துத் தன்மேல் சுற்றிக்கொண்டது. வண்டி உதறி நின்றது.

கையால் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. சுற்றை விடுவிக்கத் தளர்ச்சி வேண்டும். தளர்ச்சிக்கு ஒரே வழி, முளையில் அவிழ்ப்பது. அவிழ்த்தேன். கடல் பக்கம் இன்னும் இழுவை வரவில்லை. அச்சிலிருந்து கயிற்றை உருவி எடுத்தேன். வண்டியைப் பின்னால் தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்தினேன். பிறகு கயிற்றைக் கட்டையைச் சுற்றிக் கட்டினேன். நான் புத்தகக் கட்டுக்கும் படுக்கைக்கும் போடுகிற முடிச்சு. இழுத்துப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. வண்டியின் தடத்தை மட்டும் காலால் கலைத்துவிட்டேன்.

படகு கரையைத் தொடும் நேரத்தில் கயிறு நிமிர்ந்தது. கடல் வலையை இழுக்க ஆரம்பித்திருந்தது. என் முடிச்சு முதலில் ஒரு விரல் அளவு நகர்ந்தது. நான் பாய்ந்து பிடிக்கப் போனேன். அதற்குள் கட்டையைச் சுற்றி உருவிக்கொண்டு, மணலில் கோடு கீறிக்கொண்டே கயிறு தண்ணீருக்குள் போய்விட்டது.

தெற்கே கூச்சல் கேட்டது. படகு திரும்பக் கடலில் இறங்கியது. நீந்தத் தெரிந்தவர்களெல்லாம் குதித்தார்கள். வெகுநேரம் போராடி முனையைப் பிடித்து வலையைக் கரைக்கு இழுத்தார்கள். ஆங்காங்கே கிழிந்த வலை. உள்ளே நண்டும் பாசியும் கொஞ்சம் பொடிமீனும். அன்று கடலில் காணாங்கத்தை மீன் கூட்டம் தெரிந்துதான் வலையை இறக்கியிருந்தார்கள்.

பெரியவர் முளையருகே வந்து நின்றார். "கயிறு அறுந்துக்கினா முனை முளைல இருக்கும். முனையே இல்ல. அவுந்துக்குது. யாரு கட்னது?"

"நான்தான்," என்றார் கைடு.

"வாத்யாரே, நீ இங்கதானே குந்திகினு இருந்த. எவனாவது கயித்தாண்ட வந்தானா?"

"யாரும் வரலை," என்றேன்.

கைடு என்னைப் பார்க்கவில்லை. கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் அவர் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. "கூட்டிகினு வந்தவன் நானு. கொண்டு போயி காட்டிட்டுதான் வுடுவேன்," என்று வண்டியைக் கிளப்பினார். முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் இரண்டு நிறமாக மோதிக்கொள்கிற இடத்தில் வண்டிகளை நிறுத்தினோம். பாய் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நாங்கள் இரண்டு பேரும் குழாயும் பழைய இரும்புமாகச் செய்தது இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறது. நானும் குதித்தேன். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துவது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அது உண்மையாகவே இருந்தது, அவ்வளவுக்கும் பிறகு.

ஊர் என்ன முடிவெடுத்தது என்று பிற்பாடு பாய் சொன்னார். கைடு இனி முளையைத் தொடக்கூடாது. வலையில் அவருக்கு இடமில்லை. வண்டியும் அந்தக் கரைக்கு வரக்கூடாது. கட்டத் தெரியாத கை என்று பேர் வந்துவிட்டது. அவர் பறவை பார்க்க அழைத்துப் போகும் படகையும் விட்டுவிட்டார். சின்னப் பிள்ளைகள்கூட "கைடு, என் டவுசர் நாடாவ கட்டி வுடேன்" என்று கேட்டதாக ஒரு தடவை கேள்விப்பட்டேன். நான் பழவேற்காட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். வண்டிகள் பட்டறையில் சாக்குப் போர்த்திக் கிடந்தன.

சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஆந்திராப் பக்கம் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். எளாவூர் சோதனைச் சாவடியில் பேருந்து நின்றது. வரிசையில் நின்ற லாரி ஒன்றின் உச்சியில் ஒருவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சாவடியில் சரக்கைப் பிரித்துப் பார்த்தால் திரும்பக் கட்ட ஆள் வேண்டும். குரலைக் கேட்டுத்தான் அடையாளம் தெரிந்தது. டிரைவரோடு தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை.

இறங்கிப் போனேன். என்னைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.

"இங்க நல்லா கீது வாத்யாரே. முடிச்சு அவுந்தாகூட எவனும் திரும்பி வந்து கேக்க மாட்டான். நெல்லூரு தாண்டிருப்பான்." சிரித்தார். பிறகு அவராகவே சொன்னார்: "அன்னிக்கி கண்ணாடிதான். புதுசா வேற ஒண்ணு வாங்கி மாட்டிகினு இருந்தேன். மப்பா தெரிஞ்சிச்சு. எங்க நைனா அத்தினி வருசம் கட்னாரு, ஒரு நாளு அவுந்ததில்ல. நான் சரியா பாக்கல. அதோட அத்த தூக்கிப் போட்டுட்டேன்."

தான் கட்டியது அவிழ்ந்தது என்று அவரும் நம்பிவிட்டார். ஊர் நம்பியதைவிட இது எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் அப்போது சொல்லவில்லை. பேருந்து ஹாரன் அடித்தது, ஏறிவிட்டேன். கல்யாணம் முடிந்தது. மறுநாள் திரும்பும்போது அதே இடத்தில் இறங்கினேன். நடந்ததைச் சொன்னேன். வண்டி, அச்சு, முளை, என் முடிச்சு, என் பொய்.

"இன்னொரு தபா சொல்லு," என்றார்.

சொன்னேன். அவர் லாரிமேல் ஏறினார். பாதியில் விட்டிருந்த தார்ப்பாயைக் கட்டி முடித்தார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? என் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லு. அவதான் ஊரு பேச்சு கேட்டவ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயையும் அழைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். கைடும் வந்திருந்தார். அவருடைய மனைவி கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லும்போது அவர் கை நிற்கவே இல்லை. முடித்ததும் நிமிர்ந்தார்.

"இத்தினி நாளு எங்க போயிருந்த?"

கைகூப்பினேன்.

"எனுக்கு எதுக்கு சொல்ற? தோ, வலை பொத்திகினு குந்திகினு கீறாங்களே, அவங்களாண்ட சொல்லு."

வலைக் கொட்டகை நிழலில் பெரியவரும் வலைக்காரர்களும் வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனையோ வகுப்புகள் எடுத்திருக்கிறேன். அப்படி ஒரு பாடம் நடத்தியதில்லை. முடித்தபோது பெரியவர் அன்பாகத் தலையை ஆட்டினார்.

"வாத்யாரு நல்ல மனுசன்பா. கூட்டாளி கஸ்டப்படறான்னு தன் மேல போட்டுக்கறாரு."

"படிச்சவங்க பொய் சொன்னா இன்னா அழகா கீது," என்றான் ஓர் இளவட்டம். எல்லாரும் சிரித்தார்கள்.

இப்படி ஆகும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. பொய் சொன்ன அன்று ஒரே வார்த்தையில் நம்பினார்கள். உண்மையை வரிவரியாகச் சொல்லியும் நம்பவில்லை. அப்போது பாய் எழுந்தார்.

"அன்னிக்கி வண்டிய நான்தான் கழுவினேன். அச்சுல தேங்கா நாரு சுத்திகினு இருந்துச்சு. கத்தியால சொரண்டி எடுத்தேன்." என் பக்கம் திரும்பினார். "நீயா சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன் வாத்யாரே. ரொம்ப நாளு பாத்துட்டேன்."

அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நாரு எங்கதான் இல்ல?" என்றார் பெரியவர்.

கைடின் மனைவி மீன்கூடையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார். "பேசிகினே இருந்தா பொழுது போயிரும். அந்தாளு அன்னிக்கி போட்ட முடிச்ச இப்ப போடட்டும். இழுத்துப் பாருங்க."

அதே பனங்கட்டை. பெரிய வலைக் கயிறு கையில் கொடுத்தார்கள். நான் புத்தகக் கட்டுக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டேன். கெட்டியாக இழுத்தும் வைத்தேன், நாணயமாகத்தான் கட்டினேன். மறுமுனையில் இளவட்டங்கள் கூடி நின்று, ஏலேலோ பாடி, ஒரே மூச்சாகச் சாய்ந்தார்கள். முடிச்சு வழுக்கிக்கொண்டு வந்தது. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்து விழுந்தார்கள். கரை முழுக்கச் சிரிப்பு. பெரியவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"இத்தயா பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கற நீ?"

வாழ்க்கையில் எத்தனையோ பரீட்சைகளில் தேறியிருக்கிறேன். அந்தக் கரையில் தோற்றபோது கிடைத்த நிம்மதி எதிலும் கிடைத்ததில்லை. நானும் அவர்களோடு சிரித்தேன்.

"இப்ப உன் முடிச்ச போடு," என்றார் அந்த அம்மாள், தன் கணவரைப் பார்த்து.

சிரிப்பு அடங்கிவிட்டது. கைடு நகரவில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது. நான் சொன்னது உண்மைதான் என்றாலும், இத்தனை வருடம் தன் கையை நம்பாமலே இருந்தவர். இப்போது அவிழ்ந்தால் பிறகு ஒன்றுமே இல்லை. அவர் மனைவி கயிற்றை எடுத்துப் போய் அலையில் நனைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

கைடு கட்டினார். வேகமாகத்தான் கட்டினார், பாதியில் ஒருமுறை நின்று, பிறகு முடித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆட்கள் இழுத்தார்கள். கயிறு முறுக்கேறிச் சத்தம் போட்டது. இன்னும் சிலர் வந்து பிடித்தார்கள். குதிகால் மணலில் புதையப் புதைய இழுத்தார்கள். முடிச்சு அசையவில்லை.

"வண்டிய கொண்டாங்கடா," என்று கத்தினார் பாய். வண்டி பழவேற்காட்டில் கிடந்தது. கொண்டுவர யாராலும் முடியாது. அதனால் படகு தள்ளுகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள், பெரியவரும் எழுந்து வந்து பிடித்தார். கடைசியில் முளைதான் அசைந்தது. அடிமண் பிளந்து, பனங்கட்டை முடிச்சோடு சேர்ந்து சாய்ந்தது. கட்டையைத் தூக்கி நிறுத்தியபோதும் முடிச்சு கட்டியபடியே இருந்தது.

பெரியவர் கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "நாளைக்கி வலை எறக்கறோம்," என்றார் கைடைப் பார்த்து. "வேற கட்ட நட்டு வை. நீதான் கட்ற." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் வா. கயித்த புடி. முளைப் பக்கம் மட்டும் வராத."

மறுநாள் கல்லூரிக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்தேன். கைடு கட்டினார், படகு போய் வந்தது, வெயில் ஏறும்வரை இழுத்தோம். உள்ளங்கை உரிந்துவிட்டது. வலையின் அடிப்பையான மடி கரையேறியபோது அதில் வெள்ளி துள்ளியது. போன வருடங்களைத் திருப்பித் தரும் அளவுக்கு அது இல்லை. அப்படி ஒரு மீன்பாடு எங்கும் கிடையாது. ஆனாலும் நிறைந்த மடி. கயிறு பிடித்தவன் என்று எனக்கும் ஒரு குவியல் ஒதுக்கினார்கள். கைடின் மனைவிதான் பிரித்துப் போட்டார். எல்லாருக்கும் பேசிக்கொண்டே போட்டவர், என்னிடம் வந்ததும் பேசாமல் போட்டுவிட்டு நகர்ந்தார். அதற்குப் பிறகும் அவர் என்னிடம் பேசியதில்லை. அது அவருடைய நியாயம்.

அடுத்த குளிர்காலத்தில் சுற்றுலா தொடங்கியது. ஊர் ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு: வலை கடலில் கிடந்தால் வண்டிகள் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும், வந்தவர்கள் இறங்கிக் கயிற்றில் கை வைக்கவேண்டும். பாய் இன்னும் இரண்டு வண்டிகள் செய்தார். சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்: வங்கி ஊழியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு தடவை ஒரு டாக்டர் குடும்பம். கைடு புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். முன் வண்டியில் கையை உயர்த்திக்கொண்டு போவார். என்னைக் கடைசி வண்டியில் போட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

ஒரு நாள் மட்டும் கேட்டார். "அன்னிக்கி ஏன் சொல்லல வாத்யாரே?"

"சொன்னா முகத்துவாரத்துக்குப் போக விடமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"போனது நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"எனுக்கும் நல்லா இருந்துச்சு," என்றார். "அத்தான் பேஜாரு."

சில வருடங்கள் அது நடந்தது. குப்பத்துக் கரையில் கயிறு கிடந்தால் கைடு கையைத் தூக்கி எல்லா வண்டிகளையும் நிறுத்துவார். எல்லாரையும் முளையைச் சுற்றி நிற்கவைத்து, வலை எப்படி இழுப்பது என்று சொல்லிவிட்டு, கதைக்கு வருவார். ஒரு சமயம் ஒரு படித்த மனுசன் இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார், அன்றைக்குப் போன மீன் இருந்தால் மெட்ராஸ் முழுக்கக் குழம்பு வைத்திருக்கலாம் என்பார். டச்சுக்காரர் கதையைப் போலவே ஒவ்வொரு தடவையும் மீன் பெருத்துக்கொண்டே போனது. நான் திருத்தியதில்லை. கேட்டவர்கள் சிரிப்பார்கள். யாராவது ஒருவர் நம்பாமல், "நெஜமாவா? அந்த ஆள் யாரு?" என்று கேட்பார்.

"தோ, கடைசி வண்டில குந்திகினு கீறாரு பாருங்க," என்பார் கைடு.

எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கையைத் தூக்குவேன்.